ஆள்காட்டி திறந்த வாய்

பறவைகள் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. ஊமைக்குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு சாது!

அந்தக் குலத்துச் செங்கண்ணி, வற்றிய ஏரியின் நடுவில் வெறும் தரையில் நான்கு முட்டை இட்டிருந்தாள். சுற்றி ஒரு துரும்புகூட இல்லை. அந்த வருஷம் பார்த்தா இரண்டு அரசர்களுக்குச் சண்டை மூள வேண்டும்! வடகரையில் ஒரு படை, தென்கரையில் ஒரு படை. யார் முதலில் இறங்கினாலும் முட்டை கூழாகிவிடும். இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தபடியே அடைகாத்தாள்.

ஒரு காலையில் வடகரைப் படைத்தலைவன் கொற்றன், கரைமேல் குடிலில் இருந்த சுமணர் என்ற பிக்குவைப் பிடித்துக்கொண்டான்.

"அடிகளே, தென்கரை ஒற்றர்கள் எங்கே பதுங்கியிருக்கிறார்கள்?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"தெரியாது என்றாவது சொல்லித் தொலையுமே!"

"பொய்யும் சொல்ல மாட்டேன்."

அவரை மரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, கொற்றன் நேரே செங்கண்ணியிடம் வந்தான். முட்டைக்கு ஒரு சாண் தள்ளி அவன் கால் நின்றது.

"நீ சொல்கிறாயா? இல்லை, படையை இந்த வழியாகவே நடத்தட்டுமா?"

பெற்றவள் என்ன செய்வாள், பாவம்? "மேற்கு மூலை... கோரைக்குள்ளே" என்று மெல்லச் சொல்லிவிட்டாள்.

படை முட்டைகளைச் சுற்றிக்கொண்டு போனது. கோரைக்குள் அலறல் எழுந்து அடங்கியது. ஒற்றர்கள் ஏழு பேர் செத்தார்கள்.

கட்டவிழ்த்து விடப்பட்ட சுமணர், குழி வெட்ட மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். செங்கண்ணி ஓடிப்போய் வழிமறித்தாள். "நான் யாரையும் கொல்லவில்லையே, அடிகளே?"

"கத்தி உன் கையில் இல்லை, அம்மா. ஆனால் இடத்தைக் காட்டியது நீதானே?" என்றார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டார். "நான் மட்டும் என்ன கிழித்தேன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழு பேரும் போய்விட்டார்களே!"

அதற்குப் பிறகு அவளுக்கு இரை இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். தென்கரையார் பழிவாங்க, வேலும் கையுமாக வயிற்றால் ஊர்ந்து வந்தார்கள். வடகரையிலோ எல்லாரும் ஆயுதத்தைக் கழற்றிவிட்டு உலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவன் கிசுகிசுத்தான்: "சத்தம் போடாதே, தாயே. உன் முட்டையைத் தொடாமல் சுற்றிப் போகிறோம்."

சும்மா இருந்தால் போதும், நான்கும் பிழைக்கும். ஐயோ, ஆனால் அந்த அலறல் இன்னும் காதிலேயே இருந்ததே! செங்கண்ணி முட்டைகளை விட்டு எழும்பினாள்.

"ஆள்! ஆள் வருது! வேலோடு ஆள்!"

வடகரையார் பாய்ந்து வேல்களை எடுத்தார்கள். அவள் அவர்கள் தலைக்கு மேலேயும் பறந்து கத்தினாள். "இங்கேயும் ஆள்! இங்கேயும் வேல்!"

ஒளிந்து குத்த வந்தவனும், குத்துப்பட இருந்தவனும் முகத்துக்கு முகம் நின்றார்கள். முதல் அடி எடுத்து வைக்க ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, இரண்டு பக்கத்தாரும் பின்வாங்கினார்கள். அப்படித் திரும்பி ஓடியபோது ஒருவனுடைய குதிகால் ஒரு முட்டைமேல் பட்டுவிட்டது.

மிச்சம் மூன்றின்மேல் அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள் செங்கண்ணி.

ஆள்காட்டி என்று பெயர் வாங்கிய அந்தக் குருவி இன்றும் வேட்டைக்காரன் வந்தாலும் கத்துகிறது, நீங்களும் நானும் வெறுங்கையோடு நடந்தாலும் கத்துகிறது. வருவது எந்தப் பக்கத்து ஆள் என்று பார்ப்பதே இல்லை. அன்று திறந்த வாயை அந்தக் குலம் இன்னும் மூடவில்லை.