கறுப்புப் பூசிய முகமூடி

குளோரி டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் முகத்தில் ஒரு சிறுமியின் முகமூடி இருந்தது. எதிரே அவரிடம் படித்தவன் வாளை நீட்டிக்கொண்டு நின்றான்.

நாகர்கோவிலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாள்வீச்சுப் போட்டி. குத்து விழுந்தால் விளக்கு எரியும் பெட்டியை நானும் என் மனைவியும் இயக்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் பள்ளியில் வாள்வீச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய பழைய மாணவன் சுஜின்தான் அப்போது பள்ளியில் பயிற்சி கொடுத்துவந்தான்.

காலையில் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒருவரோடு ஒருவர் ஆட்டங்கள். முதலில் ஐந்து குத்து போட்டவருக்கு வெற்றி. தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு. சுஜினிடம் பயின்ற பெனிஷா எல்லாவற்றிலும் ஜெயித்தாள். மதியம் பதினைந்து குத்து ஆட்டம். அதில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெயித்தால் மாநிலப் போட்டி.

பெனிஷா தண்ணீர் குடிக்க முகமூடியைக் கழற்றினாள்.

"கன்னத்துல என்ன பிள்ளே அது? கண்ணு படாம இருக்கப் பொட்டு வச்சிருக்கியா?" என்றார் டீச்சர்.

அவள் தடவிப் பார்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது.

டீச்சர் முகமூடியை வாங்கி முகர்ந்தார். புதுப் பெயின்ட். கம்பி வலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இடது கண் வரும் இடத்தில் கம்பிகள் நேராக இல்லை.

"லே சுஜின். இங்க வா."

வந்தான்.

"இது நெளிஞ்சுதானே இருந்தது?"

"லேசா ஒரு குழி டீச்சர். அம்மிக் குழவி வச்சு உள்ளேருந்து தட்டி எடுத்துட்டேன்."

"பெயின்ட்?"

"தட்டின இடம் தெரிஞ்சுது."

"தட்டி நிமித்தின கம்பிக்குப் பலம் கிடையாதுன்னு உனக்குச் சொல்லித் தந்தேனா, இல்லியா?"

"சோதனை மேசையில பாத்துட்டு முத்திரை போட்டுட்டாங்களே."

"கூட்டத்துல அவங்க உன் பெயின்டைத்தான் பாத்திருக்காங்க, கம்பியை இல்ல."

சுஜின் குரலைத் தாழ்த்தினான்.

"இவ தலைக்குப் பொருந்துறது இங்க இன்னும் ஒண்ணுதான் இருக்கு டீச்சர். அது எதிரே ஆடப்போற பிள்ளையோடது. இதைப் போடலேன்னா இவ வெளியே. காலையில முழுக்க ஒண்ணும் ஆகலியே. இன்னும் ஒரு ஆட்டம். என்ன ஆகிரும்?"

டீச்சர் கொண்டையை அவிழ்த்துத் தாழ முடிந்தார். முகமூடியை மாட்டிக்கொண்டார். சின்ன உருவம் அவருக்கு; பொருந்தியது. ஒரு வாளை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"கண்ணு இருக்கிற இடத்துல குத்து."

"டீச்சர்..."

"காலையில அந்தப் பிள்ளைங்க பாய்ஞ்சு குத்தினாங்கல்லா. அதுபோல."

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஆட்டம் நின்றது. என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கறுப்பு வலைக்குப் பின்னால் டீச்சரின் கண் தெரியவில்லை. அது அங்கே இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

சுஜின் முன்கால் வைத்தான். வாளை நீட்டினான். பெனிஷா தன்னுடைய இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

வாள் தாழ்ந்தது.

"முடியல டீச்சர்."

"ஏன்லே?"

"எனக்குத் தெரியும்லா."

டீச்சர் முகமூடியைக் கழற்றி அவன் கையில் வைத்தார். அவர் கன்னத்திலும் கறுப்பு ஒட்டியிருந்தது.

"எதிரே வரப்போற பிள்ளைக்குத் தெரியாதுல்லா," என்றார்.

ஒலிபெருக்கியில் பெனிஷாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். சுஜின் அவளை அனுப்பவில்லை.

டீச்சர் அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். முகமூடி சுஜினின் பயிற்சி அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு அதில் யாரும் குத்திப் பார்த்ததில்லை. வலையில் ஓட்டை எதுவும் இல்லை.