எள்ளுருண்டைக்கு விலைபோன கிளித்தட்டு

சித்திரமல்ல மகாராஜா நல்லவர்தான். போருக்கு அழைத்தால் முதுகுவலி வரும். தாயக்கட்டையைக் கண்டால் சாப்பாடு மறந்துபோகும். அப்படி ஒரு ராஜா. அவரைச் சிரிக்க வைக்கவென்றே சபையில் சம்பளம் வாங்கியவர் அம்பலத்தாடி. தாம் மகா புத்திசாலி என்பது அம்பலத்தாடியின் எண்ணம். அவர் மனைவிக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு விளையாட்டுச் சாமான் செய்கிறவர்கள் இருந்தார்கள். ஒருவர் பரமபதத் துணி வரைவார், இன்னொருவர் ஆடுபுலி ஆட்டத்துக்குக் காய் கடைவார். ஒருநாள் குபேரதத்தர் என்ற பெருவணிகர் தம் கூட்டத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். பட்டறைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். விற்க மறுத்தவருக்குப் பக்கத்திலேயே கடை போட்டு, அதே சாமானைச் சும்மா கொடுத்தார். மறுத்தவர் கடையை மூடியதும் விலையை ஏற்றினார்.

பிறகு ஆட்டங்களே மாறிப்போயின. பரமபதத்தில் பாம்பு நீண்டது, ஏணி பாதியில் நின்றது. மீதி ஏணி கடையில் கிடைக்கும். ஆடுபுலிக் காய்களை மூடிய பானையில் விற்றார்கள். உள்ளே இருப்பது ஆடா புலியா என்று வாங்கி உடைத்தால்தான் தெரியும். அம்பலத்தாடி இதையெல்லாம் சபையில் கிழிகிழியென்று கிழிப்பார். வீட்டுக்குப் போனதும் பானை உடைப்பார். காதில் கிடந்த கடுக்கன் அப்படித்தான் போயிற்று. புலி வரவே இல்லை. ஆடுகளாக வந்து குவிந்தன.

"மேய்க்க ஆள் வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

இப்படி இருக்கையில் குபேரதத்தர் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, பரமபதத்தின் உச்சிக் கட்டத்தில் இனித் தங்கள் திருமுகத்தையே வரையப்போகிறோம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பதிலுக்கு ஒரு சின்ன ஆணை போதும். இந்த நாட்டில் யார் எதை விளையாடினாலும் எங்கள் அனுமதியோடுதான் விளையாட வேண்டும். தெருப்பிள்ளைகளும் சேர்த்துத்தான்."

அம்பலத்தாடிக்குப் பொறுக்கவில்லை. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "இவரால் வாங்க முடியாத ஆட்டம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, அரசே!"

"எது?" என்றார் ராஜா.

எது என்று அவருக்கே தெரியாது. "நாளைக் காலையில் காட்டுகிறேன்" என்று சமாளித்தார்.

"காட்டு. இல்லாவிட்டால் ஆணை பிறக்கும். தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுப் பிள்ளைகளைக் கலைக்கிற வேலை உனக்குத்தான்!"

அம்பலத்தாடிக்குக் குழந்தை இல்லை. அவருடைய நகைச்சுவைக்குச் சம்பளம் வாங்காமல், பயப்படாமல், மனசாரச் சிரித்தவர்கள் அந்தத் தெருப்பிள்ளைகள் மட்டும்தான். அவர்களை அவரே விரட்டுவதா? அன்றிரவு அவர் பானைகூட உடைக்கவில்லை.

மறுநாள் ராஜாவையும் வணிகரையும் யானைக் கொட்டடிக்குப் பின்னால் இருந்த மணல்வெளிக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் மணலில் கட்டம் கிழித்துக் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டில் நிற்பவர் கையில் படாமல் கட்டங்களைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

"பலகை இல்லை, காய் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. யாரிடம் வாங்குவார்?" என்று மீசையை முறுக்கினார் அம்பலத்தாடி.

குபேரதத்தர் அசரவில்லை. ஒரு கூடை எள்ளுருண்டையை வரவழைத்தார். அந்தப் பிள்ளைகளின் தலைவியான பூவாயியைக் கூப்பிட்டார். "இந்த ஆட்டத்தை எனக்குக் கொடுத்துவிடுகிறாயா, குழந்தை?"

பூவாயி கூடையைப் பார்த்தாள். "ஓ! எடுத்துக்குங்க மாமா."

முறுக்கிய மீசை அப்படியே தொங்கிப்போயிற்று. ஒரு கூடை எள்ளுருண்டைக்கா! என்று கொதித்தார் அம்பலத்தாடி. பிறகு தம் வெறுங்காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இனி ஆட்டம் என்னுடையது. நானே ஆடிக் காட்டுகிறேன்" என்றார் வணிகர்.

பிள்ளைகள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். "சரி, வாங்க" என்றாள் பூவாயி.

வணிகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டில் நின்றார். தாண்டிய ஒருவனைத் தொட்டார். "தொட்டாச்சு! வெளியே போ!"

அவன் பாட்டுக்கு ஓடினான்.

"இனி என் அனுமதி இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது!"

"சரிங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தாண்டினார்கள்.

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூவாயியைக் கூப்பிட்டார். "அவர் சொல்வதை ஏன் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்?"

"மாமா ஒப்புக்குச் சப்பாணிங்க."

"அப்படியென்றால்?" அரண்மனையில் வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

"சின்னப் பசங்க நானும் வரேன்னு அழுவாங்கல்ல? பாவம்னு சேர்த்துக்குவோம். ஓடலாம், கத்தலாம். ஆனா அவங்க தொட்டாலும் கணக்கில்ல, சொன்னாலும் கணக்கில்ல."

"என் உருண்டையைத் தின்றீர்களே!" என்று கத்தினார் வணிகர்.

"அதுக்காகத்தானே சேர்த்துக்கிட்டோம்!"

வணிகர் மூச்சிரைக்க ராஜாவிடம் வந்தார். "அரசே, வாங்க முடியாது என்றார் இவர். நான் வாங்கிவிட்டேன். ஜெயித்தது நான். ஆணை எனக்கு வேண்டும்!"

ராஜா அம்பலத்தாடியைப் பார்த்தார். பிள்ளைகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அப்போதுதான், கொஞ்சம் தாமதமாக, மூளை விழித்துக்கொண்டது.

"உண்மைதான் அரசே, நான் தோற்றேன். ஆணையைக் கொடுத்துவிடுங்கள். விற்றவர்கள் இவருக்கு என்ன இடம் கொடுத்தார்களோ, அதே இடத்தை நாடு முழுவதும் கொடுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையிட்டார். "இன்றுமுதல் இந்த நாட்டின் எல்லா ஆட்டங்களுக்கும் குபேரதத்தரே ஒப்புக்குச் சப்பாணி! அவர் எந்த விதி வேண்டுமானாலும் போடலாம். கேட்பவர்கள் 'சரிங்க மாமா' என்று சொல்லிவிட்டுத் தங்கள் ஆட்டத்தை ஆடலாம்."

பிள்ளைகள் கூச்சலிட்டபடி மறுபடி கோட்டுக்கு ஓடினார்கள்.

"அம்பலத்தாடி, என்ன பரிசு வேண்டும்? கேள்!" என்றார் ராஜா.

"பரிசு வேண்டாம் அரசே. வேறு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்."

"ஏன், இருக்கிற வேலைக்கு என்ன?"

"இத்தனை காலமாக உங்கள் சபையில் நான் பார்த்துவந்த உத்தியோகத்தைத்தானே இப்போது அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்!"