மூலக்கூறு அசைகிறது

"உங்க சூத்திரத்துல மூலக்கூறு ஏன் சார் அசையவே மாட்டேங்குது?" என்று கேட்டாள் மரகதவல்லி.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வழிகாட்டி செபாஸ்டின் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

அவர் ஆராய்ச்சி இதுதான்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய சாயப் படலம் ஒன்று. அதற்குள் ஒளியும் சாயத்தின் மூலக்கூறும் இது வேறு அது வேறு என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். கலப்பு வலுக்க வலுக்க லேசர் சுலபமாகப் பிறக்கும் என்பது செபாஸ்டினின் சூத்திரம். அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான்.

"அசைவைச் சேர்த்தா கணக்கு முடியாது. அதனால விட்டுட்டேன்."

அவள் சேர்த்தாள்.

முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. கலப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் லேசர் பிறப்பதே கஷ்டம் என்று விடை வந்தது.

செபாஸ்டின் தாள்களைக் கடைசிவரை படித்தார்.

"அசைவுக்கு நீங்க போட்ட இந்த ஒரு எண்ணைக் கொஞ்சம் குறைச்சா ரெண்டு பேர் விடையும் ஒத்துப்போகும்."

"அது சோதனைச்சாலையில அளந்த எண், சார். குறைக்க மாட்டேன்."

"கருத்தரங்குல உங்களைக் கிழிச்சிடுவாங்க, மேடம்."

"கிழிக்கட்டும்."

"பட்டம் தள்ளிப்போகும்."

"போகட்டும். மூலக்கூறு அசையுது. அசையலைன்னு நான் எப்படி எழுதறது?"

அவர் தாள்களைத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கருத்தரங்கு வந்தது. மரகதவல்லி தன் வளைகோட்டைத் திரையில் காட்டியதுதான் தாமதம், முன்வரிசையில் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார்.

"வழிகாட்டியோட சூத்திரத்தையே தப்புங்கறீங்க. அவர் இதை ஒத்துக்கிட்டாரா?"

அவளுக்குத் தெரியாது.

"அவர் ஒத்துக்கணும்னு நான் இதைப் போடல, ஐயா. கணக்கு இப்படித்தான் வருது."

அரங்கில் சலசலப்பு. ஒவ்வொருவராகப் பின்பக்கம் திரும்பினார்கள்.

கடைசி வரிசையில் செபாஸ்டின் எழுந்து நின்றார்.

"எனக்கு மனசு ஒப்பல," என்றார். "தினமும் உட்கார்ந்து இவங்க கணக்குல தப்புத் தேடறேன். கிடைக்க மாட்டேங்குது. உங்களுக்குக் கிடைச்சா சொல்லுங்க."