பெடல்மேல் இருந்த கால்

"ஸ்லைடரை அசைச்சா ஒண்ணும் வரல டீச்சர். சும்மா இருந்தா ட்ரம்பெட் தானா வருது," என்றார் ஞானதுரை.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஹெப்சிபா அவரைவிட மிகவும் இளையவள். பாட்டுப் பதிவு சொல்லிக்கொடுப்பவள். கம்ப்யூட்டருக்குள் ட்ரம்பெட் முதலான ஒலிகளோடு ஓர் ஆர்கன் இருக்கிறது என்று அவள் காட்டியபோது முகம் சுளித்தவர், இப்போது அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ட்ரம்பெட் வந்தா என்ன அண்ணாச்சி?"

"சுகிர்தம் குரல் அமுங்கிப்போவுது."

சுகிர்தம் அவர் மனைவி. இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நோயோடு இருந்தபோது போனில் ஒரு கீர்த்தனை பாடி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனையில் அதை ஒலிக்கவிட வேண்டும், அவர் வாசிக்கும் ஆர்கனோடு சேர்த்து. கடைசிச் சரணத்தில் அவள் குரல் நலிந்துவிடும். சரியாக அங்கே வந்துதான் ட்ரம்பெட் அவளை மூடியது.

"என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

"கேபிளை மாத்தினேன். சாஃப்ட்வேரை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். உபவாசம்கூட இருந்தேன்."

ஹெப்சிபா சிரிக்கவில்லை.

"என் முன்னால ஒரு தடவை செய்யுங்க."

ஞானதுரை கீபோர்டின் முன் உட்கார்ந்தார். திரையில் ட்ரம்பெட்டைத் தேர்ந்து 'லேர்ன்' பட்டனை அழுத்தினார். அதன்பிறகு முதலில் எது அசைகிறதோ, அதற்குத்தான் ட்ரம்பெட் கட்டுப்படும். அவர் கீபோர்டின் மேலே மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடரை நோக்கிக் கையை நீட்டினார்.

"நிறுத்துங்க. கை இன்னும் போய்ச் சேரல. திரையில என்ன போட்டிருக்கு?"

"பெடல்." அவர் திகைத்தார். "நான் ஒண்ணையும் தொடலையே."

ஹெப்சிபா தரையில் உட்கார்ந்து கீபோர்டுக்கு அடியில் பார்த்தாள். அவரும் குனிந்தார்.

வலது கால், மிதிக்க மிதிக்கச் சத்தத்தைக் கூட்டும் பெடலின் மேல் இருந்தது. ஆர்கன்காரர்களின் வலது கால் அங்கேதான் குடியிருக்கும். அப்படி ஒரு கால் இருப்பதையே அவர்கள் மறந்துவிடுவார்கள்.

கால் லேசாக நடுங்கி, பெடலை அசைத்துக்கொண்டிருந்தது.

அவர் அதை எடுத்துத் தரையில் வைத்தார். மறுபடியும் 'லேர்ன்' அழுத்தி ஸ்லைடரை அசைத்தார். ட்ரம்பெட் இப்போது கைக்கு அடங்கியது.

"சரியாயிட்டு," என்றார். முகத்தில் நிம்மதி.

"பாட்டோட வாசிங்க."

போனில் எடுத்த குரல் ஸ்பீக்கரில் எழுந்தது. ஞானதுரை வாசித்தார். கடைசிச் சரணம் வந்தது. குரல் நலிந்தது. ட்ரம்பெட் வரவில்லை.

ஆனாலும் சுகிர்தம் காணாமல் போனாள். ஆர்கன் முழுவதுமாக அவள்மேல் ஏறி நின்றது.

ஹெப்சிபா பாட்டை நிறுத்தினாள்.

கால் எப்போது பெடலுக்குத் திரும்பியது என்று அவருக்கே தெரியவில்லை. அது அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது.

"அந்த இடத்துல ஏன் மிதிக்கீங்க அண்ணாச்சி?"

அவர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"அவ மூச்சுக்குத் திணறுதது கேக்குது, டீச்சர். என்னால தாங்க முடியல."

ஹெப்சிபா பெடலின் வயரைக் கழற்றிச் சுருட்டி அவர் மடியில் வைத்தாள். கீபோர்டை அணைத்தாள். பாட்டை முதலிலிருந்து ஓடவிடக் கையை நீட்டினாள்.

"ஆராதனையில அவ திணறுததை எல்லாரும் கேப்பாங்களே," என்றார் அவர்.

"முதல்ல நீங்க கேளுங்க."