கேள்வி கேட்காத கட்டளை

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் இளம்பரிதி வத்சலாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வத்சலா ஒருகாலத்தில் கல்லூரியில் கணினி கற்பித்தவர். வேலையை விட்டுவிட்டு அந்தக் குளிரில் தனியாக இருந்தார். முன்னறையில் ஒரு பழைய வீட்டுக் கணினி இருந்தது. டிவியோடு இணைத்துப் பயன்படுத்துகிற வகை. விசைப்பலகைக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடக்கம். பக்கத்தில் பிளாப்பி செருகும் பெட்டி. பெரிய கணினிகளில் ஓடும் யூனிக்ஸ் முறையைப் பின்பற்றி, அந்தச் சின்ன இயந்திரத்துக்கென்று அவர் குட்டிக் கட்டளைகளை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலை செய்யும். ஒன்று தேடும். ஒன்று அடுக்கும். ஒன்று அழிக்கும். அவற்றைக் கற்றுக்கொள்ள எப்போதாவது யாராவது மலையேறி வருவார்கள்.

இளம்பரிதிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. வத்சலாவைவிடக் கொஞ்சம்தான் இளையவன்.

“இதைக் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

“தப்பே நடக்காத மாதிரி வேலை செய்யத் தெரியணும், டீச்சர்.”

“என்ன தப்பு நடந்தது?”

சொன்னான். கோயம்புத்தூரில் அவன் வேலை பார்த்த நிறுவனம், ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கும் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைத்துத் தரும் நிறுவனம். ஒருநாள் வேண்டாத கோப்புகளை அழிக்க உட்கார்ந்தவன், வேண்டியவற்றை அழித்துவிட்டான். மாற்றுப் பிரதி இருப்பதாகத்தான் நிறுவனம் எல்லோரிடமும் சொல்லியிருந்தது. இருக்கவில்லை.

“பல பேருக்கு நஷ்ட ஈடு கொடுத்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் வாங்கிக்கல. குப்புராஜ்னு பேரு. மினி பஸ் ஓட்டறவர். அவர் பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஆடின வீடியோ அதுல இருந்தது. அந்தப் பொண்ணு இப்ப இல்ல. காய்ச்சல்ல போயிடுச்சு.”

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

“லீவு கிடைக்கிற அன்னிக்கெல்லாம் ஆபீஸுக்கு வந்து உக்காந்திருப்பார். மெஷின்ல கோளாறு, தேடிட்டிருக்கோம்னு சொல்லி அனுப்புவாங்க. நான் பின்பக்கப் படிக்கட்டு வழியா இறங்கிப் போயிடுவேன். அப்புறம் வேலையை விட்டுட்டேன்.”

வத்சலா கணினியின் முன் அவனை உட்காரவைத்தார்.

“ஏதாவது எழுதுங்க. சேமிங்க.”

தன் பெயரை எழுதிச் சேமித்தான்.

“இப்ப அழிங்க.”

அழிக்கும் கட்டளைக்கு இரண்டே எழுத்து. தட்டினான். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கட்டளைக்கான கோடு மட்டும் மினுங்கியது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“உறுதியான்னு ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே, டீச்சர்?”

“உங்க ஆபீஸ் மெஷின் கேட்டுதா?”

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

“கேட்டுது.”

“என்ன சொன்னீங்க?”

“ஆமாம்னு.”

வத்சலா எழுந்து டீ போடப் போனார்.

அவன் கீழ்வீதியில் ஒரு அறை எடுத்துத் தங்கினான். தினமும் காலையில் வந்து கற்றுக்கொண்டான். ஒரு கட்டளை கக்குவதை அடுத்த கட்டளையின் வாயில் ஊட்டுவது எப்படி என்று கற்றான். இயந்திரத்தின் நினைவகம் மிகச் சிறியது. அதற்குள் எதையும் வீணாக்காமல் எழுதக் கற்றான். ஆனால் அழிக்கும் கட்டளை மட்டும் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தட்டும்போதெல்லாம் விரல் கூசியது.

ஒருநாள் வத்சலா கடைக்குப் போயிருந்த நேரத்தில் தன் பிளாப்பியில் அந்தக் கட்டளையை மாற்றி எழுதினான். இனி அது எதையும் அழிக்காது. அழிக்கச் சொன்னதைக் கண்ணுக்குத் தெரியாத பெயரில் அதே பிளாப்பியில் ஒளித்து வைக்கும். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வத்சலாவின் பிளாப்பியிலும் அதையே ஏற்றினான். அவரிடம் சொல்லவில்லை. என்றைக்காவது அவர் எதையாவது தவறிப்போய் அழிப்பார், அன்று எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

வத்சலா அப்போது தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கும் கட்டளை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் அந்த இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. எழுதுவார், ஓட்டிப் பார்ப்பார், சரிவராததை அழிப்பார், மறுபடி எழுதுவார். மழைக்காலம் முழுக்க அதே வேலை.

ஒரு பகலில் அது சரியாக வந்துவிட்டது. க்-குக்கு அப்புறம் க, அப்புறம் கா. திரையைப் பார்த்து வத்சலா சிரித்தார். அவர் சிரித்து அவன் அன்றுதான் பார்த்தான். சேமிக்கும் கட்டளையைத் தட்டினார்.

இடமில்லை என்றது திரை.

“அப்படி இருக்காதே,” என்றார். பழைய கோப்பு ஒன்றை அழித்தார். மறுபடி தட்டினார். இடமில்லை. இன்னொன்றை அழித்தார். இடமில்லை.

பக்கத்தில் நின்றவனுக்குப் புரிந்துவிட்டது. மாதக்கணக்கில் அவர் அழித்ததெல்லாம் அழியாமல் உள்ளேயே கிடக்கிறது. அந்தச் சேமிக்கும் கட்டளை பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதும். பாதி எழுதி நின்றிருந்தால் பழையதும் இருக்காது.

“டீச்சர், வேற பிளாப்பி...”

மின்சாரம் போயிற்று. டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சேமிக்காமல் நினைவகத்தில் இருந்ததும் அதோடு போயிற்று. மழையின் சத்தம் அறைக்குள் நிறைந்தது.

“நான்தான், டீச்சர். அழிக்கற கட்டளையை நான்தான் மாத்தி வெச்சேன். உங்ககிட்ட சொல்லல. என்னாலதான் போச்சு. மன்னிச்சிடுங்க.”

வத்சலா இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கோபம் வரலையா?”

“வருது.”

“திட்டுங்க, டீச்சர்.”

“திட்டினா உங்களுக்கு லேசாயிடும்.”

அவன் தலை குனிந்தான்.

“இப்ப எவ்வளவு நேரத்துல சொன்னீங்க?” என்று கேட்டார்.

“உடனே.”

“ஏன்?”

“நீங்க இங்கயே இருக்கீங்க. பின்பக்கமா இறங்கிப் போக எனக்கு இங்க வழி இல்ல.”

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. வத்சலா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாளை எடுத்து, நினைவில் இருந்தவரை முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் இளம்பரிதி மலையிறங்கும் பஸ்ஸில் ஏறினான். குப்புராஜின் விலாசம் அவனிடம் முன்பே இருந்தது. காரமடையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு.

குப்புராஜ் காக்கிச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். அவனை அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஆபீஸ்காரருங்களா? உங்களை அங்க பாத்திருக்கேனுங்க. நாளைக்குக் கூட ஆபீஸுக்கு வரலாம்னு லீவு சொல்லியிருந்தேன்.” குரல் சட்டென்று உயர்ந்தது. “கெடைச்சிருச்சுங்களா?”

அதற்கு அவன் தயாராக வந்திருக்கவில்லை.

“இல்லங்க. கிடைக்காதுங்க. மெஷின் கோளாறு இல்ல. நான்தான் அழிச்சேன். தெரியாம அழிச்சுட்டேன். இனிமே யார் தேடினாலும் அது கிடைக்காது. இதை அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்.”

குப்புராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “நீங்க அதைப் பாத்தீங்களா?”

“எதைங்க?”

“புள்ள ஆடினதை. அழிக்கறதுக்கு முன்னாடி.”

“இல்லங்க.”

“நானும் பாக்கலைங்க. அன்னிக்கு எனக்கு டூட்டி. வீடியோல பாத்துக்கலாம் கண்ணுன்னு சொல்லிட்டுப் போனேன்.” உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “புள்ளையோட அம்மா நேர்ல பாத்திருக்கா. அதைப் பத்தி நான் கேட்டா எந்திரிச்சுப் போயிடறா. அதான், ஆபீஸ்ல யாராச்சும் பாத்திருந்தா, எப்படி ஆடுச்சுன்னு கேட்டுக்கலாம்னு...”

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இளம்பரிதி சந்து முனைவரை நடந்தான். ரயில் ஒன்று போகும்வரை கேட்டில் நின்றான். பிறகு கோத்தகிரி பஸ்ஸைப் பிடித்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பனி இறங்கியிருந்தது. வத்சலா கணினியின் முன் உட்கார்ந்து, தாளில் எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் நடந்ததைச் சொன்னான். எதையும் விடாமல் சொன்னான். அவர் தட்டிக்கொண்டே கேட்டார்.

“அவர் மன்னிக்கல, டீச்சர்.”

“ம்.”

“திட்டக்கூட இல்ல. கொஞ்ச நஞ்சம் இருந்த நம்பிக்கையையும் நானே போய் அழிச்சிட்டு வந்திருக்கேன். எனக்கும் மனசு ஆறல. போனதுனால யாருக்கு என்ன ஆச்சு?”

வத்சலாவின் விரல்கள் நின்றன.

“நாளைக்கு அவர் அந்த ஆபீஸ்ல போய் உக்கார மாட்டார்,” என்றார்.