சும்மா கிடந்ததற்கு வாடகை

மழைக்காலம் வந்துவிட்டால் தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திகளெல்லாம் வானமாகிவிடும். மேகங்கள் காலடியிலேயே மெதுவாக மிதக்கும், வேலை நின்றுபோகும். உப்பளத்துக்காரர்களுக்கு மழைக்குறி சொல்லும் இணையதளத்தை நடத்திய மரியபுஷ்பமும், அளமே தூங்கும்போது இது எதற்கு என்று, இணையத்தில் கணினி இடம் தரும் ஒரு கிளவுட் கம்பெனியின் இலவசக் கணக்கில் ஓடிய அதன் சர்வரை நிறுத்திவைத்தாள்.

மழை விட்டபோது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு பில் வந்து நின்றது.

அந்த கிளவுட் கம்பெனியின் தலைவர் ஜெயசிம்மன், ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த விளம்பரக் கூட்டத்தில் "எல்லாம் இலவசம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். மரியபுஷ்பம் எழுந்து பில்லைக் காட்டினாள்.

அவர் சிரித்தார். "சர்வர் ஓடுற வரைக்கும் அதோட இணைய முகவரி இலவசம்மா. சர்வரை நிறுத்திட்டு முகவரியை மட்டும் பிடிச்சு வெச்சிருந்தா காசு. அடுத்தவங்க பொருளை சும்மா வெச்சிருந்தா வாடகை குடுக்கணும். இது எல்லாருக்கும் பொது."

"உங்களுக்குமா சார்?"

"எனக்கும்தான்!" மண்டபம் கைதட்டியது.

"சரி சார். இலவசக் கணக்கு தொடங்கும்போதே என் கார்டு நம்பரை வாங்குனீங்க. 'சும்மா இருக்கட்டும், தொட மாட்டோம்'னு சொன்னீங்க. போன தையிலேர்ந்து அது உங்ககிட்ட சும்மாதான் கிடக்கு. அதுக்கு எவ்வளவு வாடகை?"

கைதட்டியவர்கள் எல்லோரும் மெல்லத் தங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே மறுபடியும் தூறல் போட்டது.

"பில்லை ரத்து பண்ணச் சொல்றேம்மா," என்றார் தலைவர், குரல் இறங்கி.

"ரத்தெல்லாம் எதுக்கு சார்? எனக்கு வரவேண்டிய வாடகையில கழிச்சுக்கிட்டு, மீதியைக் குடுங்க."