பச்சையம்மன் கோயிலில் ஒரு கறுப்புச் சட்டை

"வரிசையாச் சொல்றேன் தோழர். வரிசை மாறாமக் கேளுங்க" என்றார் கதிரொளி.

"சொல்லு" என்றார் இரஞ்சிதம்.

"முதல்ல, பச்சையம்மன் தேர் எங்க காலனித் தெருவுக்கு வராதுன்னாங்க. ரெண்டாவது, தேர் வடத்தைத் தொட்டுட்டாருன்னு எங்க அப்பாவைப் புளியமரத்துல கட்டி வெச்சாங்க. மூணாவது, கோயில் குளத்துல கால் நனைச்ச புள்ளைங்களை ஊர் பார்க்கக் கால்ல விழ வெச்சாங்க. நாலாவது, நான் கோர்ட்டுக்குப் போனேன்னு காலனிக்கு வர்ற தண்ணிய நிறுத்தினாங்க. அத்தனையும் தாங்கினேன். இப்ப அஞ்சாவது வந்திருக்கு. அதைத்தான் தாங்க முடியல."

"என்ன அது?"

"கேஸ் ஜெயிச்சிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை என் பொண்டாட்டி அந்தக் கோயிலுக்குள்ள கும்பிடப் போறா."

இரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தார்.

பேருந்து நிலையத்து மூலையில் இயக்கப் புத்தகக்கடை வைத்திருப்பவர் அவர். கதிரொளியைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் கதிரொளிக்கு ஆசான் அவர்தான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆளுக்குத் துண்டறிக்கையை விரித்து, ஒவ்வோர் எழுத்தாய்க் காட்டி, படிக்கச் சொல்லிக் கொடுத்தவர். கதிரொளி படித்த பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் அந்தத் துண்டறிக்கைகள்தான். அதற்குப் பிறகு கதிரொளி ஏறாத மேடை இல்லை, பார்க்காத சிறை இல்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"சிரிக்காதீங்க தோழர்."

"கோயிலுக்குள்ள விடணும்னு கேஸ் போட்டது யாரு?"

"நான்தான். உரிமைக்குப் போட்டேன். கும்பிடறதுக்கா போட்டேன்?"

"அவகிட்ட இதைச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பனா? சாமிங்கறது சின்னப் புள்ளைக்கு நடைவண்டி மாதிரி, நடக்கத் தெரிஞ்சப்புறம் தள்ளிட்டு வந்துடணும், நான் எப்பவோ தாண்டிட்டேன், நீயும் தாண்டி வாடின்னேன்."

"என்ன சொன்னா?"

"'நீ தாண்டிட்டய்யா மகராசா. நான் இன்னும் வாசப்படியே தாண்டலியே'ங்கறா. எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு."

இரஞ்சிதம் மறுபடி சிரிக்கப் போனவர், அடக்கிக்கொண்டார்.

கதிரொளி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஈரம் காயாத அச்சு.

"அவ ஒருத்தி இல்ல, காலனியே கிளம்புது. அதனால நோட்டீஸ் போட்டுட்டேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா, பேச்சு எடுபடும்."

இரஞ்சிதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'தோழனே! உன்னைத் தலைமுறை தலைமுறையாய் வெளியே நிறுத்திய கல்லின் முன்னால் உள்ளே போய் ஏன் நிற்கிறாய்? கல்லுக்குக் கண் உண்டா? காது உண்டா? வளர்ந்த மனிதனுக்குத் தொட்டில் எதற்கு? கோயிலுக்குப் போகாதே!'

"நல்லா இருக்கு" என்றார்.

"அப்ப கையெழுத்து?"

"போடறேன். அதுக்கு முன்னால இதை ஊர்த்தெருவுல கொடுத்துட்டு வா."

"ஊர்த்தெருவுலயா? கோயிலை வெச்சிருக்கறதே அவனுங்கதானே!"

"அதனாலதான் சொல்றேன். சாமி வேணாம்ங்கற நோட்டீசை, சாமிய வெச்சிருக்கறவங்ககிட்ட கொடுக்கறதுதானே நியாயம்?"

கதிரொளிக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. அடி விழும் இடத்துக்குப் போவதென்றால் அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிடும்.

அந்தத் தெருவில் அவருடைய துண்டறிக்கை என்றைக்கும் முழுசாய் இருந்ததில்லை. கிழிப்பார்கள். சில நேரம் சட்டையையும் சேர்த்துக் கிழிப்பார்கள். அதற்குத் தயாராகத்தான் போனார்.

முதல் வீட்டில் கொடுத்தார். வாங்கிப் படித்தவர், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில், "உள்ள அண்ணனுக்கு ஒண்ணு கொடுப்பா" என்றார்கள்.

கதிரொளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோயில் தர்மகர்த்தா வைத்திலிங்கம் வீட்டு வாசலுக்கு வந்தார். இந்த மனிதர் இத்தனை காலத்தில் ஒருமுறைகூட 'கதிரொளி' என்று அழைத்ததில்லை. 'முனியன் மவனே' என்பதோடு சரி.

"வாப்பா கதிரொளி" என்றார் வைத்திலிங்கம்.

தாளை வாங்கி, தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

"கோயிலுக்குப் போகாதே! கோயிலுக்குப் போகாதே! அடடா, அறிவாளிய்யா நீ. இதைத்தானே எங்க தாத்தா காலத்துலேருந்து உங்க சனத்துக்கு நாங்க சொல்லிட்டு வர்றோம்!"

திண்டில் சாய்ந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"இன்னும் நிறைய அடிச்சுக் கொடுப்பா. நம்ம மைக்செட்டுலயும் படிக்கச் சொல்றேன். ஏய், யாருடா அங்க? கதிரொளிக்கு ஒரு நாற்காலி போடு!"

நாற்காலி வந்தது. துடைத்தும் வைத்தார்கள்.

கதிரொளி அதைப் பார்த்தார். அடித்திருந்தால் வலித்திருக்காது.

வைத்திலிங்கத்தின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

கடையில் இரஞ்சிதம் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார்.

"கிழிச்சாங்களா?"

"இல்ல."

"அடிச்சாங்களா?"

"நாற்காலி போட்டாங்க."

ஊசி நின்றது.

"உக்காந்தியா?"

"இல்ல."

"அப்ப சரி."

ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. கதிரொளி கையிலிருந்த தாளை அவர் முன்னால் விரித்தார்.

"நான் எழுதினது தப்பா தோழர்?"

"ஒரு எழுத்தும் தப்பில்ல."

"மனுசன் சாமியத் தாண்டி வரணுமா, வேணாமா?"

"வரணும்."

"நீங்க இன்னும் அப்படித்தானே நினைக்கறீங்க?"

"சாகறவரைக்கும்."

"அப்புறம் நான் என்னதான் செய்யறது?"

இரஞ்சிதம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குச் சட்டையத் தோய்ச்சு இஸ்திரி போட்டு வை."

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் தாசில்தார் நின்றார். போலீஸ் நின்றது. ஊர்த்தெரு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் நின்றது.

காலனிச் சனம் தட்டும் தேங்காயுமாக வந்தது. வாசற்படிக்கு முன்னால் வந்ததும், சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டது.

யாரும் தடுக்கவில்லை. ஆனால் கால் எழவில்லை.

கதிரொளியின் மனைவி முன்வரிசையில் நின்றாள். வாய் ஓயாத அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கறுப்புச் சட்டை வந்தது.

"நீ எதுக்குய்யா வந்த?" என்றாள், மெதுவாக.

"நட" என்றார்.

அவர்தான் முதல் அடியை எடுத்து வைத்தார். அவள் இரண்டாவதாக வைத்தாள். பிறகு காலனி முழுவதும் உள்ளே வந்தது. பின்னாலேயே தாசில்தாரும் போலீசும் ஊர்த்தெருவும் வந்தார்கள்.

கருவறைக்கு முன்னால் கதிரொளி கும்பிடவில்லை. கையைத் தொங்கவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்.

பூசாரி தட்டை வாங்கினார், விரல் படாமல்.

"மொத்தமாக் காலனி பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடறேன்" என்றார்.

"ஊர்த்தெருவுக்கும் மொத்தமாத்தான் பண்ணுவீங்களா?" என்றார் கதிரொளி.

"இல்ல. அவங்களுக்குத் தனித்தனியா, பேர் சொல்லி."

"அப்ப பேர் சொல்லு."

பூசாரி தர்மகர்த்தாவைப் பார்த்தார். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதிரொளியின் மனைவி தன் பெயரைச் சொன்னாள். பூசாரி மணியை ஆட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். மணிச் சத்தம்தான் கேட்டது.

"கேக்கல" என்றார் கதிரொளி.

வைத்திலிங்கம் பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தார்.

"ஏம்ப்பா, கல்லுக்குக் காது இல்லேன்னு அச்சடிச்சுக் கொடுத்தவன் நீ. இப்பக் கேக்கலைன்னா உனக்கென்ன?"

"அதுக்குக் காது இல்ல. இன்னைக்கும் சொல்றேன், என்னைக்கும் சொல்வேன்" என்றார் கதிரொளி. "அதுக்குக் கேக்க வேணாம். உங்களுக்குக் கேக்கணும்."

பூசாரி பக்கம் திரும்பினார்.

"மணிய வெச்சிட்டுச் சொல்லு."

பூசாரி மணியைக் கீழே வைத்தார். தாசில்தார் கேட்க, போலீஸ் கேட்க, கையைக் கட்டி நின்ற ஊரே கேட்கச் சொன்னார்:

"பூங்காவனம்."